இரண்டு வட்டங்களும் ஓர் ஆத்துவாயும்

"அப்ப நீங்க என்ன சொல்றீங்க? வெட்டோணுமா, வெட்டப்போடாதா?"

"வெட்டோணும் சேர்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுத்தான் சேர் சொல்றன். இண்டைக்கே வெட்டினா இன்னும் நல்லம்."

"இந்தா, இவங்களும் அதத்தானே சொல்றாங்க."

"ஓம் சேர். அப்ப வேல லேசாப் பெய்த்து."

"எப்பிடி லேசு? அதுதானே பிரச்சினையே!"

கேட்டவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, பகலில் கெட்ட கனவு கண்டவர் போல முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் கரையோர அறிவிணைப்புச் சபையின் பணிப்பாளர் முபாறக். எதிரே நின்ற மசூர் பேக்கரிக்காரன். கூட்டத்துக்கு மீன் பணிஸ் கொண்டு வந்தவன், தட்டை வைக்க ஓர் இடம் கிடைப்பதற்குள் கேள்வியில் மாட்டிக்கொண்டான். 'இவங்க' என்று சுட்டப்பட்டவர் கலாநிதி ஸம்றா. நீரியல் படித்தவர், மருதமுனைப் பிள்ளை, ஸ்கூட்டியில் வந்து மழைக்கோட்டைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

விஷயம் இதுதான். மாரி மழை விடாமல் கொட்டியதில் ஊருக்கு மேற்கே களப்பு நிரம்பிவிட்டது. களப்புக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல் திட்டு. அதில் வாய்க்கால் ஒன்று கீறிவிட்டால் தண்ணீர் கடலுக்குப் போய்விடும். ஆத்துவாய் வெட்டுவது என்று ஊரில் இதற்குப் பேர். முந்தியெல்லாம் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்து, ஒரு துஆ ஓதி, மண்வெட்டிகளோடு போய் வெட்டிவிட்டு வருவார்கள். ஆனால் எப்போது வெட்டுவது என்பதில் ஒவ்வொரு வருஷமும் சண்டை. வயல்காரர் இன்றைக்கு என்பார்கள். இறால் பிடிப்பவர்கள் இன்னும் பொறு என்பார்கள். ஒரு வருஷம் மண்டை உடைந்து ஆஸ்பத்திரி வரைக்கும் போனது. இதைத் தீர்த்துவைக்கத்தான் சபை வந்தது. விஞ்ஞானத்தையும் மக்களின் அறிவையும் ஒன்றாக இணைத்து, அதிலிருந்து பரிந்துரை எழுதி மேலே அனுப்பும். பரிந்துரை இல்லாமல் மணலில் யாரும் கை வைத்தால் குற்றம். நல்ல எண்ணம்தான், மசூரும் அதைக் குறை சொன்னதில்லை. மண் கிண்டும் பெக்கோ இயந்திரம் ஒன்றைக் கூட வாங்கிக் கடற்கரை வீதியில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார்கள்.

இந்த வருஷம்தான் சபை எதிர்பாராத ஒரு பேரிடர் நடந்தது. எல்லோரும் ஒரே பேச்சாகப் பேசினார்கள். வயல்காரர் வெட்டு என்றார்கள். இறால் பிடிப்பவர்களின் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வந்திருந்ததால் அவர்களும் வெட்டு என்றார்கள். கலாநிதி ஸம்றா, வளைகோடு போட்டுக் காட்டி, வெட்டு என்றார்.

"பாருங்க மசூர்." பணிப்பாளர் மேசையிலிருந்த இரண்டு தேநீர்த் தட்டுகளை எடுத்தார். "இது விஞ்ஞான அறிவு. இது மக்கள் அறிவு." ஒன்றின் பாதி மற்றதன் மேல் ஏறும்படி வைத்தார். "இந்த ரெண்டும் சேருற நடுப்பகுதி இருக்கே, அதுதான் கொள்கை. எங்கட சட்டகமே இதுதான். இப்ப நீங்க ரெண்டு பேரும் என்ன செய்றீங்க?" ஒரு தட்டைத் தூக்கி மற்றதன் மேல் சரியாக அமர்த்தினார். "இப்பிடி வந்து குந்திக்கொள்றீங்க. இதில நடுப்பகுதி எங்க?"

மசூர் குனிந்து பார்த்தான். உண்மையிலேயே தேடினான்.

"கோப்பை ஒண்டு வைக்கலாம் சேர்."

ஸம்றா இருமினார். பணிப்பாளர் இருமலை விஞ்ஞானத் தரப்பின் ஆட்சேபமாகக் குறித்துக்கொண்டார். "வேறுபாடு இல்லாட்டி இணைக்க ஒண்டும் இல்ல. இணைக்க ஒண்டும் இல்லாட்டிப் பரிந்துரை இல்ல. நாளைக்கு வேறுபாடு கண்டறியும் செயலமர்வு வைக்கிறம். நீங்க வரோணும். பணிஸோட."

பணிஸோடு மட்டும்தான் முதலில் அவன் வந்தான். சபையின் திறப்பு விழாவில் கரையோரக் கைத்தொழில் என்ற இருக்கை காலியாகக் கிடந்தது. தட்டை இறக்கி நிமிர்ந்தபோது யாரோ கழுத்தில் ஓர் அட்டையை மாட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து மசூர் பங்குதாரர். "எதுல பங்கு? தண்ணியிலயா?" என்று அன்றைக்கே கேட்டாள் அவன் மனைவி மர்ஷூதா.

தண்ணீரில்தான் என்று இப்போது தெரிந்தது. அவர்களுடைய வளவு களப்புப் பக்கம். மசூர் வீட்டுக்கு வந்தபோது மர்ஷூதா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு விறகைப் பரணுக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். வேலி ஓரம் நின்ற தண்ணீர் விறகுக் கொட்டிலுக்குள் வந்துவிட்டது. அடுத்தது போறணை. இருவரும் செங்கல் சுமந்து கட்டிய, பாண் சுடுகிற பெரிய அடுப்பு அது. கூன் விழுந்த ஒரு யானை படுத்திருப்பதைப் போல வளவின் நடுவில் இருந்தது. கட்டிய நாளிலிருந்து அதன் வயிறு ஆறியதில்லை. அடித்தளம் ஈரம் குடித்தால் அடுத்த நெருப்பில் பாளம் பாளமாகப் பிளந்துவிடும். பிறகு அதற்குள் பாண் வேகாது, பூனை குட்டி போடும்.

"என்ன, வெட்டுறாங்களாமா?"

"எல்லாரும் ஒரே மாதிரிச் சொல்லிட்டமாம் புள்ள. அதால வெட்ட ஏலாதாம்."

மர்ஷூதா கையிலிருந்த விறகை மெதுவாகக் கீழே வைத்தாள். "அங்க ஏதும் தின்னத் தந்தாங்களா?"

"நம்மட பணிஸ்தானே."

"அப்ப அதிலதான் ஏதோ பிழ."

மறுநாள் செயலமர்வில் மண்டபம் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒரு பக்கம் கதிரைகள், குளிரூட்டி, திரை. மறு பக்கம் பன்பாய். மக்கள் அறிவு நிலத்தோடு சம்பந்தப்பட்டது என்பதால் மக்கள் பாயில் உட்கார வேண்டும். சவளக்கடையிலிருந்து வந்த வயல்காரர் குணம், முழங்கால் வலியோடு ஒரு வழியாக அமர்ந்தார். அவருடைய நெல் தண்ணீருக்கு அடியில் கிடந்தது.

"நாளைக்கும் பெரிய மழை கிடக்கு சேர்," என்றார் அவர்.

"அருமை! எதை வச்சுச் சொல்றீங்க அண்ண?"

"போன்ல போட்டிருக்கு."

பணிப்பாளரின் முகம் வாடியது. "போனைப் பைக்குள்ள வைங்க. போன் விஞ்ஞானம். நீங்க மக்கள் அறிவு. வானத்தைப் பார்த்துச் சொல்லுங்க."

குணம் அண்ணாந்து பார்த்தார். "சீலிங் அடிச்சிருக்கே சேர்."

அவரை வெளியே அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. "மழை பெய்யுது," என்றார். ஓர் உத்தியோகத்தர் அதைப் பாரம்பரிய எதிர்வுகூறல் என்ற தலைப்பின் கீழ் எழுதிக்கொண்டார்.

ஸம்றா எழுந்தார். "சேர், எங்கட வாப்பாவும் இந்த ஆத்துவாய் வெட்டினவர்தான். கடல் வத்துற நேரம் பார்த்து, கடல் பக்கமிருந்து களப்புப் பக்கம் வெட்டி வருவாங்க. மறுகா..."

"டொக்டர், டொக்டர்!" பணிப்பாளர் இரண்டு கைகளையும் உயர்த்தினார். "வாப்பாவைக் கொண்டு வாறதெண்டா நீங்க பாயில பெய்த்து இருக்கோணும். கதிரையில இருந்துகொண்டு வாப்பாவைப் பற்றிக் கதைக்க ஏலா. தரவு பழுதாகிடும்."

"எனக்கு ரெண்டும் தெரியும் சேர். ரெண்டும் ஒண்டைத்தான் சொல்லுது."

"ஒரே ஆளுக்கு ரெண்டும் தெரிஞ்சா," பணிப்பாளர் குரல் தழுதழுத்தது, "மறுகா நாங்க எதுக்கு?"

மசூருக்கு மனிதர் மேல் இரக்கம் கூட வந்தது. அதைவிட அவசரம் வந்தது. வீட்டிலிருந்து புறப்படும்போது தண்ணீர் போறணைப் படியைத் தொட்டிருந்தது. ஒரு வித்தியாசம்தானே கேட்கிறார்கள், கொடுத்துத் தொலைத்தால் என்ன?

"சேர், வித்தியாசம் ஒண்டு கிடைச்சா வெட்டிருவீங்களா?"

"அந்தக் கணமே இணைப்போம்."

மசூர் இணைப்பதையும் வெட்டுவதையும் ஒன்றென்று நினைத்துவிட்டான். தொண்டையைச் செருமினான். "எங்கட பேக்கரிகள்ல ஒரு கணக்கு இருக்கு சேர். பாண் மா உப்புறதப் பார்ப்பம். மா நல்லா உப்பினா ஆத்துவாய் வெட்டலாம். உப்பாட்டிப் பொறுக்கோணும்."

குணம் வாயைப் பிளந்துகொண்டு அவனைப் பார்த்தார். ஸம்றா மழைக்கோட்டின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். பணிப்பாளரோ எழுந்து பாய்க்கு வந்து, சப்பாத்தைக் கழற்றி, மசூரின் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன.

"இதைத்தான்," என்றார், "இவ்வளவு நாளும் தேடினன்."

"அப்ப வெட்டுறீங்களா சேர்?"

"உடனே வெட்டினா உங்கட அறிவுக்கு நாங்க குடுக்கிற மரியாதை என்ன? அதை விஞ்ஞானம் சரிபார்க்கோணும்."

அன்று பின்னேரமே கலாநிதி ஸம்றா, களப்புப் பாலத்தில் பூட்டியிருந்த நீர்மட்டமானியைக் கழற்றிக்கொண்டு, சபையின் கட்டளைப்படி பேக்கரிக்கு வந்து, மாத் தொட்டியில் பூட்டினார்.

"இது களப்பில கிடக்கிறதெல்லோ மெடம்?" என்றாள் மர்ஷூதா.

"ஓம் ராத்தா. சபையில ஒண்டுதான் இருக்கு."

"அப்ப களப்பு?"

"அது இப்ப தன்ட பாட்டில ஏறுது."

மர்ஷூதா கணவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே பாண் வெந்துவிடும். "மா உப்பினா வெட்டலாமெண்டு சொன்ன ஆள் நீங்கதானே? நானும் இத்தன வருஷமா மா குழைக்கிறன், எனக்கு ஒரு நாளும் சொல்லல்ல."

"வாய் தவறிப் பெய்த்து புள்ள."

"தவறினது வாய். தாழுறது என்ட போறணை."

மா அதன் வழக்கப்படி உப்பியது. மானி அதை அளந்து சபைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. உச்சிக்கு வந்ததும் மர்ஷூதா மாவை எடுத்து உருட்டிப் போறணைக்குள் தள்ளினாள். தொட்டி காலியானது. சபையின் திரையில், களப்பு என்று பெயர் எழுதிய கோடு சடாரென்று கீழே விழுந்தது.

சற்றைக்கெல்லாம் ஓர் ஓட்டோ, ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு, சக்கரம் மறையும் தண்ணீரில் ஒழுங்கை ஒழுங்கையாகப் போனது. களப்பின் ஒருங்கிணைந்த மட்டம் சடுதியாக இறங்கிவிட்டது, பொதுமக்கள் அச்சப்படத் தேவையில்லை என்று அறிவித்தது. இடுப்பளவு தண்ணீரில் தொலைக்காட்சிப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நின்ற ஒருவர் அதை மரியாதையோடு நின்று கேட்டார். கொஞ்சத் தூரத்தில் ஓட்டோவும் நின்றுவிட்டது. அறிவிப்பாளரைத் தோணியில் ஏற்றிக் கரை சேர்த்தார்கள்.

சபை அதைக் கொண்டாடியது. பங்குதாரர்களை அழைத்து, மேசைகளின் மேல் ஏறி உட்காரச் சொல்லி (மண்டபத்துக்குள்ளும் தண்ணீர்), பணிப்பாளர் உரையாற்றினார்.

"சில பேர் கேட்கிறாங்க, ஏன் இன்னும் வெட்டல்லயெண்டு. நான் கேட்கிறன், வெட்டினா என்ன நடக்கும்? தண்ணி போயிரும். தண்ணி போனா நீங்க எல்லாரும் வீட்ட போயிருவீங்க. இப்பிடி விஞ்ஞானமும் மக்களும் ஒரே மண்டபத்தில, ஒரே தண்ணியில கால வச்சுக்கொண்டு இருக்கிற சந்தர்ப்பம் மறுகா எப்ப வரும்? நாங்க வெள்ளத்த முகாமை செய்ய வந்தாக்கள் இல்ல. வெள்ளத்தப் பற்றின உரையாடல முகாமை செய்ய வந்தாக்கள்."

கைதட்டல் தண்ணீரில் எதிரொலித்தது. குணம் மட்டும் தட்டவில்லை. அவர் கைகளில் செருப்பு இருந்தது.

மசூர் திரும்பி வந்தபோது தண்ணீர் போறணையின் அடிவரிசைச் செங்கலில் ஏறியிருந்தது. மர்ஷூதா மண்மூட்டைகளைச் சுற்றிவர அடுக்கிவிட்டு, போறணையின் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைப் பார்ப்பதைப் போல. சூடு இன்னும் இருந்தது. ஒரு வரிசை ஈரத்தைத் தாங்கும். இரண்டாவது வரிசைக்கு ஏறினால் முடிந்தது. மசூருக்கு, தான் சொன்ன ஒரு வசனத்தை ஊர் முழுக்க நீந்திப் போய்த் திரும்ப எடுத்து வரலாம் போல இருந்தது.

மானியைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்த ஸம்றா மசூரிடம் சொன்னார்: "காக்கா, இவங்க வெட்ட மாட்டாங்க. ஆனா செயல்விளக்கத்துக்கெண்டு ஒதுக்கின காசு அப்பிடியே கிடக்கு. வருஷம் முடிய முன்னம் செலவழிக்காட்டி மேல இருந்து ஏசுவாங்க."

"செயல்விளக்கம் எண்டா?"

"செய்து காட்டுறது. செய்யிறதில்ல. செய்து காட்டுறது."

மசூர் சாரத்தை முழங்காலுக்கு மேல் சண்டிக்கட்டாகக் கட்டிக்கொண்டு சபைக்கு நடந்தான். ஸம்றா பின்னால் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

"வாயால சொன்னா விளங்காது சேர்," என்றான் பணிப்பாளரிடம். "முந்தி எப்பிடி வெட்டினதெண்டு நாங்க செய்து காட்டோணும்."

பணிப்பாளர் சந்தேகமாகப் பார்த்தார். "வெட்டுறதா?"

"சீச்சீ. வெட்டுற மாதிரி. ஒரு சாண் அகலம். துஆ, மண்வெட்டி, எல்லாம் பழைய முறை. வீடியோ எடுக்கலாம்."

வீடியோ என்றதும் பணிப்பாளரின் சந்தேகம் பாதி கரைந்தது. மீதியை விஞ்ஞானத்திடம் கேட்டார். "டொக்டர், ஒரு சாண் வாய்க்காலால என்ன நடக்கும்?"

"நீரியல் விதிப்படி என்ன நடக்கோணுமோ அது நடக்கும் சேர்."

"விதிப்படி நடந்தாச் சரி," என்று பணிப்பாளர் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் ஜும்ஆ முடிந்ததும் மணல் திட்டு திருவிழாவாக இருந்தது. பள்ளி ஒலிபெருக்கியில் அறிவிப்பு ஒன்றும் வரவில்லை. ஆனாலும் யாரும் வீட்டில் இல்லை. கரைவலைக்காரர்கள் மண்வெட்டிகளோடு வந்தார்கள். குணம் சவளக்கடையிலிருந்து ஓர் உழவு இயந்திரப் பெட்டி நிறைய ஆட்களோடு வந்தார். பெக்கோ ஓட்டுநரும் தார்ப்பாயை விட்டு இறங்கி, ஒரு மண்வெட்டியை இரவல் வாங்கிக்கொண்டார். மர்ஷூதா வரவில்லை. அவள் போறணைக்குக் காவல். கடைசிச் சூட்டில் சுட்ட மீன் பணிஸை மட்டும் கொடுத்தனுப்பியிருந்தாள்.

சபை, திட்டின் வடக்குப் பக்கத்தில் பந்தல் போட்டது. அங்கிருந்து பார்த்தால்தான் கடல், மக்கள், பதாகை மூன்றும் ஒரே படத்தில் விழும். கதிரைகள், ஒலிவாங்கி, பணிஸ் தட்டு எல்லாம் அங்கே போயின. ஊரும் வீதியும் வாகனங்களும் தெற்குப் பக்கம்.

மசூர் ஓடிப்போனான். "சேர், அங்கால இருக்காதீங்க. கடைசி மண்ணைத் தள்ள முன்னம் எல்லாரும் ஊர்ப்பக்கம் வந்திரோணும். அதுதான் இஞ்சத்த வழக்கம்."

பணிப்பாளரின் முகம் மலர்ந்தது. உத்தியோகத்தர் பக்கம் திரும்பினார். "இதைப் பதியுங்க. சொல்லுக்குச் சொல் பதியுங்க. எவ்வளவு பெறுமதியான அறிவு!"

"பதியுறது இருக்கட்டும் சேர். எழும்பி வாங்க."

"பின்னேர அமர்வில விரிவாக் கலந்துரையாடுவம்," என்றபடி பணிப்பாளர் முன்வரிசைக் கதிரையில் உட்கார்ந்து, ஒரு பணிஸை எடுத்தார்.

கடல் வற்றிய நேரம். துஆ ஓதினார்கள். கடல் பக்கமிருந்து வெட்டத் தொடங்கி, ஒரு சாண் அகலத்தில் வாய்க்கால் களப்பை நோக்கி வந்தது. பணிப்பாளர் ஒலிவாங்கியில் ஒவ்வொரு கட்டத்தையும் விளக்கினார். ஸம்றா தெற்குப் பக்கத்தில், தண்ணீரிலிருந்து நல்ல தூரத்தில் நின்றுகொண்டார். இது பாய்ப் பக்கமா கதிரைப் பக்கமா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. கடைசியில் களப்பின் ஓரத்தில் ஒரு மண்வெட்டி மண் மட்டும் மிஞ்சியது. மசூர் வடக்கே பார்த்துக் கையைக் காட்டிக் கூப்பிட்டான். அவர்கள் புகைப்படத்துக்கு என்று நினைத்து அவர்களும் கையைக் காட்டினார்கள்.

மசூர் இரண்டாவது செங்கல் வரிசையை நினைத்தான். பிஸ்மி சொல்லிக் காலால் தள்ளினான்.

முதலில் ஒரு நூல் தண்ணீர் வந்தது. வழி தெரியாதது போல நின்று, மணலை முகர்ந்து, மெதுவாகக் கடல் பக்கம் நடந்தது. நூல் கயிறானது. கயிறு பாம்பானது. பிறகு இரண்டு பக்கமும் மணல் சோற்றுக் கட்டி போலப் பிய்ந்து விழத் தொடங்கியது. ஒரு சாண் ஒரு முழமாகி, ஒரு பாய் அகலமாகி, யாரும் கணக்கு வைக்க முடியாத அகலமானது. பல நாட்களாகக் கூட்டம் கூட்டமாகக் காத்திருந்த அந்தப் பழுப்புத் தண்ணீர் முழுவதும், யாரிடமும் பரிந்துரை கேட்காமல், ஓவென்று சத்தம் போட்டுக்கொண்டு கடலுக்குள் போனது. ஊர்ப்பக்கம் தக்பீர் முழங்கியது. குணம் மண்வெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஆடினார். அவருடைய முழங்கால் வலி அன்று லீவில் போயிருந்தது.

மசூரின் போன் அடித்தது. "இஞ்சாருங்க," என்றாள் மர்ஷூதா. மூச்சு வாங்கியது. "இறங்குது. ரெண்டாவது வரிசையத் தொட்டுட்டு இறங்குது. மேல சூடு அப்பிடியே கிடக்கு. உள்ளுக்கு ஈரம் போனதா இல்லயா எண்டு நாளைக்கு நெருப்பு வச்சாத்தான் தெரியும். என்ன, கேட்குதா? அங்க என்ன சத்தம்?"

அங்கே, அகன்றுகொண்டே போன ஆற்றின் மறுகரையில், பதாகையின் ஒரு கால் தண்ணீருக்குள் சரிந்திருந்தது. இரண்டு கதிரைகள் அருகருகே கடலுக்குப் புறப்பட்டுவிட்டன. உத்தியோகத்தர்கள் பணிஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்வாங்கினார்கள். பணிப்பாளர் முபாறக் மட்டும் சப்பாத்துகளைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒலிவாங்கியை வாயருகே வைத்து, கரையின் விளிம்பில் நின்றார். அவருடைய குரல் தண்ணீரின் இரைச்சலுக்கு மேலாக, கொஞ்சம் கரகரத்து, ஆனால் தெளிவாக வந்தது.

"மசூர்! செயல்விளக்கம் முடிஞ்சுது! ஆரம்ப மட்டம் இன்னும் அளக்கல்ல, மானி உங்கட பக்கம் டொக்டர்ட பையில கிடக்கு. ஒரு அஞ்சு நிமிசம் மசூர், தண்ணிய ஒருக்கா நிப்பாட்டச் சொல்லுங்களன்!"